கட்டிங் மாஸ்டரைத் துரோகி என்றது தவறு

சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். எங்கள் ஷூ கம்பெனியில் 19 ஆண்டுகள் தோல் வெட்டிய மனிதரை, ராணிப்பேட்டைப் பக்கம் கூடுதல் சம்பளத்துக்குப் போகிறார் என்பதற்காக, எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்துத் “துரோகி” என்றார் மேலாளர். இனி அனைவரும் விசுவாசமாக இருப்பதாக எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார். எழுதி வாங்கினால் விசுவாசம் வந்துவிடுமா? தலைமையில் இருப்பவர் முதலில் தன் ஆட்களுக்கு உண்மையாக இருக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆம்பூரில் வேறொரு மேலாளரிடம் இருந்தேன். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய சரக்கை, தையல் நெருக்கம் சரியில்லை என்று ஆய்வுக்கு வந்தவர் திருப்பிவிட்டார். மெஷினில் தையல் நீளத்தை மாற்றாமல் விட்டது நான். முதலாளி அறைக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றபோது, “சாம்பிளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்” என்று அவர் உள்ளே சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு என்னைத் தனியே அழைத்து, தோலின்மேல் ஸ்கேலை வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணச் சொன்னார். அவ்வளவுதான் தண்டனை. அதன்பின் அவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் எங்களில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

சம்பளம் கொடுப்பவர் விசுவாசத்தை எதிர்பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சம்பளம் உழைப்புக்கு, அந்த உழைப்பைக் கட்டிங் மாஸ்டர் குறைவில்லாமல் கொடுத்தார். 2020 ஊரடங்கில் சம்பளம் பாதியானபோதும் போகாமல் இருந்தாரே, அன்று யாராவது கூட்டம் போட்டுப் பாராட்டினார்களா? நோட்டீஸ் காலத்தை அவர் முழுதாக முடிக்கவில்லை என்பது உண்மை. அதற்கு விதிப்படி சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், மானத்தில் கைவைக்கக் கூடாது.

வேலூரில் பிறந்தவர்களுக்கு இது புதிய செய்தியா? 1806இல் நம் கோட்டையில், நெற்றிக் குறியை அழி, தாடியை எடு, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை அணி என்று சிப்பாய்களுக்கு ஆங்கிலேயர்கள் உத்தரவு போட்டார்கள். மறுத்தவர்களில் இருவருக்குக் கசையடி கொடுத்துப் படையிலிருந்து நீக்கினார்கள். அடித்துப் பணிய வைத்துவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு ஜூலை 10 விடியலில் சிப்பாய்களின் கிளர்ச்சியே பதிலாகக் கிடைத்தது. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சென்னை ஆளுநர் பெண்டிங்கும் படைத் தளபதி கிராடாக்கும் பதவியிழந்து ஊர் திரும்பினார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டிருந்தார்கள்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றால், என் அம்மா இறந்த மூன்றாம் நாளே வேலைக்கு வரச் சொல்லி எனக்குப் போன் வந்தது. “அவன் லைனையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன், அவனை விடுங்கள்” என்று மேலாளர் மேசை முன் போய் நின்றவர், இன்று துரோகி எனப்பட்ட இதே மனிதர்.

அந்தத் தாளில் நான் கையெழுத்திடவில்லை. ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சால்வை போர்த்திவிட்டு வந்தோம். கட்டிங் பிரிவிலிருந்து மட்டும் பதினோரு பேர் வந்திருந்தார்கள்.