கணக்குக் கட்டுகளை யார் படிப்பது?

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது அதன் அருங்காட்சியகத்தைத்தான். ஓலைச்சுவடிகளையும், மனித முகத்தை விலங்கு முகத்தோடு ஒப்பிட்ட பிரெஞ்சு ஓவியங்களையும் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் பெரிய கோயிலுக்கு ஆட்டோ பிடித்துவிடுகிறோம். நானும் இரண்டு முறை அப்படித்தான் திரும்பினேன்.

இப்போது என்னை உறுத்துவது அதே நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கும் மோடி ஆவணங்கள். (அரசியல் பதிவென்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும்.) மராத்தியைக் கையெடுக்காமல் வேகமாக இழுத்து எழுதும் எழுத்துக்கு மோடி என்று பெயர். மராட்டியர் அரண்மனையின் அன்றாட நிர்வாகம் அதில்தான் நடந்தது. சத்திரச் செலவு, கட்டட மராமத்து, கலைஞர்களுக்குக் கொடுத்த சம்பளம் எல்லாம் அந்தக் கட்டுகளில் கிடக்கின்றன.

இரண்டாம் சரபோஜி 1803-இல் தன் வம்ச வரலாற்றை மராத்தியில் பெரிய கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தார். ஊர் எதை நம்ப வேண்டுமென்று அரசர் விரும்பினாரோ, அது சுவரில் இருக்கிறது. கணக்கெழுதியவனுக்கு அப்படி ஆசை எதுவும் இல்லை; கூலியைச் சரியாகக் குறித்தால் போதும். அதனால் அவனைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் இந்த நூலகத்தில் இருக்கின்றன. நோயுற்ற கண்ணை வண்ணத்தில் வரைந்து, பக்கத்தில் நோயின் விவரத்தையும் சிகிச்சையையும் எழுதியிருக்கிறார்கள். தஞ்சாவூரில் யாருக்குக் கண் வலித்தது என்பதைச் சுவர்க் கல்வெட்டு சொல்லுமா?

"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் தீர்ந்தது" என்று நண்பர் ஒருவர் சொன்னார். படிக்கத் தெரியாதவன் கையில் ஸ்கேன் வெறும் படம்தான். தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது, நல்ல வேலை. மீதியைப் படிக்க ஆள் வேண்டும். சிவகங்கைக் குளத்து நீரை ஐயன்குளத்துக்குக் கொண்டுபோன நிலத்தடிக் கால்வாயைத் தூர்வாரும் பொறியாளருக்கும், அரண்மனைச் சுவருக்குச் சுண்ணாம்பு அரைக்கும் கொத்தனாருக்கும் அந்தக் கட்டுகளில் விடை இருக்கலாம். கேட்டுச் சொல்ல நடுவில் ஒருவர் வேண்டாமா?

பெரிய திட்டமெல்லாம் கேட்கவில்லை. ஐந்து இளைஞர்கள், மூன்று ஆண்டு உதவித்தொகை, மோடி கற்றுத்தர ஒருவர். வீட்டில் இன்றும் மராத்தி பேசும் குடும்பங்கள் தஞ்சாவூரில் இருக்கின்றன. ஆள் தேடுவதை அங்கிருந்தே தொடங்கலாம்.