பாட்டி அடக்கம், பேத்தி புரட்சி: போதும் இந்த வாய்ப்பாடு

மூன்று தலைமுறைக் கல்யாண நாவல் என்றாலே ஒரே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கீழ்ப்படியில் வாய் திறக்காத பாட்டி, நடுவில் சகித்துக்கொள்ளும் அம்மா, உச்சியில் விவாகரத்து வாங்கும் பேத்தி. தமிழ்நாட்டுக் குடும்பங்களின் கதை அப்படி நேராக மேலே ஏறவில்லை.

பாட்டி காலத்தில் ‘கட்டினவனோடுதான் கடைசிவரை’ என்பது எல்லாச் சாதிக்கும் பொது விதி அல்ல. பல சாதிகளில் அறுத்துக்கட்டுவது சாதாரண வழக்கம். ஒத்துவரவில்லையா, பெரியவர்கள் முன்னால் தீர்த்துவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொள்ளலாம். 1955 இந்துத் திருமணச் சட்டமே 29ஆம் பிரிவில் இந்த வழக்கப்படியான மணமுறிவை விட்டுவைத்திருக்கிறது. பிறகு காசும் படிப்பும் வரவர, ‘எங்க வீட்ல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது’ என்று சொல்வது கௌரவமானது. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பரிசம் தேய்ந்து, பெண் வீட்டார் கொடுக்கும் வரதட்சணை வந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். 1961இல் தடைச் சட்டம் வந்தும் அது நிற்கவில்லை. ஆக, பல குடும்பங்களில் பிடி இறுகியது அம்மாவுக்குத்தான். நாவலின் கனமும் அவளிடம் இருக்க வேண்டும். நம் எழுத்தாளர்களோ அவளை அடுக்களையில் நிறுத்தி இரண்டு பெருமூச்சு விடவைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்து ஆண்டுக் கணக்கு. இதில் சறுக்காத கையெழுத்துப் பிரதி அபூர்வம். 1965இல் நடக்கும் அத்தியாயத்தில், இந்துத் திருமணச் சட்டப்படி வாழும் கணவனும் மனைவியும் ‘பரஸ்பர சம்மதத்தோடு’ கோர்ட்டில் பிரிய முடியாது. அதற்கு இடம் தரும் 13பி பிரிவு அந்தச் சட்டத்தில் வந்ததே 1976இல். குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. குறைந்தபட்சக் கல்யாண வயது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. அதற்கு முந்தின சில மாதங்களில் அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்கள் நடந்தன. நாவலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? அந்தச் சட்டம் மீறியவர்களைத் தண்டித்தது. நடந்த கல்யாணத்தைச் செல்லாது என்று சொல்லவில்லை. இது தெரியாமல் ‘போலீஸ் வந்து கல்யாணத்தை ரத்து செய்தது’ என்று எழுதினால் மொத்தக் கதையும் சரிந்துவிடும். பெண்ணின் கல்யாண வயது 1949இல் 15 ஆகி, 1978இல்தான் 18 ஆனது.

புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைக் கல்யாணத்தை மேடைப் பேச்சாக மட்டும் காட்டுவது இன்னொரு வீணடிப்பு. அது சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவு, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. இடைப்பட்ட அந்தப் பதினான்கு வருடத்தில் சொத்துத் தகராறு ஒன்றைக் கிளப்புங்கள். ‘உங்க அம்மாவுக்குக் கல்யாணமே ஆகல’ என்று பங்காளி கேட்கும் ஒரு கேள்வி போதும், கொள்கை வீட்டுக்குள் வந்துவிடும்.

மனமாற்றத்தை வசனத்தில் சொல்லாமல் மொய் நோட்டில் காட்டலாம். ஊர், பெயர், தொகை. பல ஊர்களில் முதல் வரி தாய்மாமனுக்கு. முறை மாப்பிள்ளையை வேண்டாமென்ற பெண்ணின் கல்யாண நோட்டில் அந்த வரியில் வேறு பெயர் இருந்தால், நாலு பக்கச் சண்டையை எழுத வேண்டியதே இல்லை. வருடங்கள் கழித்து அவள் மகளின் காதுகுத்துக்கு அதே மாமன் சீரோடு வந்து நிற்கிறார் என்றால், ஏன் வந்தார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

பேத்திக்கு வருவோம். அவள் சம்பாதிக்கிறாள், இருபத்தெட்டு வயது, ‘யாரையும் கேட்க மாட்டேன்’ என்கிறாள். சரி. மேட்ரிமோனி தளத்தில் அவளுடைய புரொஃபைலைத் திறந்து பாருங்கள்: பதிவு செய்தவர், அப்பா. உட்பிரிவு, நட்சத்திரம், செவ்வாய் தோஷம் உண்டா இல்லையா, எல்லாம் நிரப்பியிருக்கும். வேலை, சம்பளம், ‘சமைக்கத் தெரியுமா’ என்ற இடம் அவள் நிரப்பியது. அந்தப் படிவத்தை எழுத்தாளர் ஒருமுறை உட்கார்ந்து முழுதாக நிரப்பிப் பார்க்கட்டும். எந்தக் கட்டத்தில் யார் கை வைத்தார்கள், எதைப் பிறகு மாற்றினார்கள் என்பதிலேயே இரண்டு அத்தியாயம் இருக்கிறது.