கட்டடம் வரையும் முன் தண்ணீர் போகும் வழியை வரையுங்கள்

புதிய குடியிருப்போ வளாகமோ கட்டும்போது மழைநீர் வடிகால் வரைபடம் எப்போது தயாராகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பிளாக், சாலை, பார்க்கிங் எல்லாம் முடிவான பிறகு, மிச்சமிருக்கும் சந்தில் பைப்பை நுழைத்து வரைவார்கள். என்னைக் கேட்டால் வேலை அங்கேயே பாதி கெட்டுவிட்டது.

முதலில் தெரியவேண்டியது, தண்ணீர் போய்ச் சேரும் இடத்தின் லெவல். ஓடையோ தெருவோரக் கால்வாயோ, அதன் அடிமட்டம் எவ்வளவு, வெள்ளக் காலத்தில் அதில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்ற இரண்டும் கையில் இல்லாமல் ஒரு கோடுகூடப் போடக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன். 300 மி.மீ. பைப் ஒன்றை 150-க்கு 1 வாட்டத்தில் (150 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் சரிவு) 120 மீட்டர் கொண்டுபோனால் 0.8 மீட்டர் இறங்கும். தொடக்கத்தில் பைப்புக்கு மேல் 0.6 மீட்டர் மண், பைப்பின் விட்டம் 0.3. ஆக, சமதளமான மனையில் கடைசி முனையில் பைப்பின் அடி தரையிலிருந்து 1.7 மீட்டர் ஆழத்தில் இருக்கும். வெளியே இருக்கும் கால்வாயின் ஆழம் 1.2 மீட்டர்தான் என்றால்? தண்ணீர் மேலேறிப் போகாது. வாட்டத்தைக் குறைத்துச் சமாளிப்பார்கள். அதற்கும் விலை உண்டு. 225 மி.மீ. பைப் 225-க்கு 1 வாட்டத்தில் முழுதாக ஓடினால் வேகம் விநாடிக்கு 0.75 மீட்டர், மண்ணைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதே பைப்பை 1000-க்கு 1-இல் படுக்கவைத்தால் வேகம் பாதிக்கும் கீழே. வண்டல் தங்கித் தங்கி, சில மழைக்காலங்களிலேயே பைப் பாதி அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு குறுக்குவழி, மனையையே மண் கொட்டி உயர்த்துவது. இதை வடிகால் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தன் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டும் வேலை அது. ஏற்கெனவே அந்த மனை வழியாக ஓடிக்கொண்டிருந்த மேட்டுப்பகுதித் தண்ணீரையும் அது மறித்துவிடும்.

இப்போது அளவு. கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேர் மனையில் மணிக்கு 100 மி.மீ. என்ற கணக்கில் அரை மணி நேரம் பெய்தால் 5 லட்சம் லிட்டர் விழும். புல்லும் மண்ணுமாக இருந்தபோது அதில் 20 சதவீதம் வெளியே ஓடியது என்று வையுங்கள், விநாடிக்கு சுமார் 56 லிட்டர். கூரையும் கான்கிரீட்டும் வந்தபின் 70 சதவீதம் ஓடினால் விநாடிக்கு சுமார் 195 லிட்டர். முன்பு போன அளவுதான் இனியும் வெளியே போகவேண்டும் என்றால், மிச்சத்தைப் பிடித்துவைக்க 250 கன மீட்டர் இடம் வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். உக்கிரமான மழைக்குத்தான் பெரிய தொட்டி தேவை என்ற நினைப்பு. மணிக்கு 60 மி.மீ. என்று இரண்டு மணி நேரம் பெய்யட்டும். விநாடிக்கு உள்ளே வருவது 117 லிட்டர், வெளியே போவது 56. மிச்சம் 61 லிட்டர் வீதம் 7,200 விநாடிக்குச் சேர்ந்தால் சுமார் 440 கன மீட்டர்! அதனால் 15 நிமிடம் முதல் 24 மணி நேரம் வரை ஒவ்வொரு கால அளவுக்கும் போட்டுப் பார்த்து, அதில் பெரியதை எடுக்கவேண்டும். உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். தொட்டி நிரம்பினால்தான் தண்ணீர் வெளியேறும் துளையில் முழு அழுத்தம் வரும். அதுவரை 56 லிட்டர் போகாது.

440 கன மீட்டரை ஜல்லிக் குழியில் பிடிக்க நினைத்தால், ஜல்லிக்கு இடையே காலி இடம் 30 சதவீதம்தான், குழி 1,470 கன மீட்டர் ஆகிவிடும். 95 சதவீதம் காலி இடமுள்ள பிளாஸ்டிக் கூடுகள் என்றால் 465 போதும். இவ்வளவு இடத்தைக் கடைசியில் எங்கிருந்து தேடுவது?

வெளியேறும் துளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மீட்டர் தண்ணீர் அழுத்தத்தில் 56 லிட்டர் விட, சுமார் 165 மி.மீ. துளை போதும். 'சின்னதாக இருக்கிறதே, அடைத்துக்கொள்ளுமே' என்று யாராவது அதை 300 ஆக்கினால் மூன்று மடங்குக்கு மேல் பாயும். தொட்டி கட்டியதே வீண். அடைப்புக்குப் பயமென்றால் துளைக்கு முன்னால் சல்லடையும், அடியில் 300 மி.மீ. ஆழம் விட்ட வண்டல் சேம்பரும் (மண் தங்குவதற்கான, மூடியுள்ள சிறு தொட்டி) போடுங்கள்.

மழைநீரை நிலத்துக்குள் இறக்கலாம் என்றால் நல்லது, அதுதான் முதல் தேர்வாகவும் இருக்கவேண்டும். ஆனால் மண்ணைப் பார்த்து ஊகிக்காதீர்கள். உத்தேசித்த ஆழத்திலேயே குழி வெட்டி, மூன்று முறை நிரப்பி, தண்ணீர் இறங்கும் நேரத்தைக் குறித்து, மூன்றில் மெதுவானதைக் கணக்குக்கு எடுங்கள். முதல் முறை காய்ந்த மண் வேகமாகக் குடித்து ஏமாற்றும். மழைக்கால நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடிக்கு ஒரு மீட்டராவது கீழே இருக்கவேண்டும். அஸ்திவாரத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வைப்பது வழக்கம்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் அதை மீறும் மழை வரும். '30 ஆண்டுக்கு ஒருமுறை' மழை என்றால் ஆண்டுதோறும் முப்பதில் ஒரு வாய்ப்பு என்று பொருள். முப்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது வர 64 சதவீதம் வாய்ப்பு. அன்றைக்குச் சேம்பர் மூடி வழியே பொங்கும் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்பதையும் வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். சாலையைத் தாழ்த்தி வாய்க்கால்போல் விடலாம். அடித்தளப் பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவின் வாயில், சாலை மட்டத்தைவிட உயர்ந்த ஒரு மேடு கட்டாயம்.

பிறகு, கட்டுமானக் காலம். லாரியும் ரோலரும் ஓடி இறுகிய மண்ணில் புல் நட்டால் அது கணக்கில் எழுதிய 20 சதவீதத்தில் நிற்காது. ஓரடி ஆழம் கிளறிவிட்டு நடவேண்டும். தண்ணீர் இறங்கும் பேவர் பிளாக்கைக் கடைசி வேலையாக வையுங்கள், சிமென்ட் சேறு அதன்மேல் போனால் இடுக்கெல்லாம் அடைத்துப்போகும். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு குளியலறையிலும் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, மழைநீர் சேம்பரில் நிறம் வருகிறதா என்று திறந்து பாருங்கள். வந்தால் கழிவுநீர் பைப்பை யாரோ மாற்றி இணைத்திருக்கிறார்கள்; டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்தால் உடைக்கவேண்டியது குறைவு.