அந்தப் பெண்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது

மறுபடியும் சொல்கிறேன். தப்பு செய்தவர்கள் இந்தியக் கால்பந்து நிர்வாகிகள். தண்டனை ஆடுகிறவர்களுக்கு. 2022 ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிபா இந்தியாவைத் தடை செய்ததால், உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்குப் போன நம் பெண்கள் அணி ஆட முடியாமல் போனது பற்றி நான் நாலு வரி எழுதியதற்கு, "தடை பத்து நாளில் சரியாகிவிடும், எதற்கு இவ்வளவு கோபம்" என்று கேட்டவர்களுக்காகத்தான் இது.

அந்த அணி கோகுலம் கேரளா, அப்போது இந்தியாவின் பெண்கள் கிளப் சாம்பியன். ஆசிய கிளப் போட்டிக்காக ஆகஸ்ட் 16-ஆம் தேதி தாஷ்கண்ட் போய் இறங்கினால், நம் கால்பந்து சம்மேளனத்தை ஃபிபா சஸ்பெண்ட் செய்துவிட்டது என்று செய்தி வருகிறது. 23-ஆம் தேதி உஸ்பெகிஸ்தானின் சொக்தியானா அணியோடு ஆடியிருக்க வேண்டிய பெண்கள். ஆட விடவில்லை.

சம்மேளனத் தலைவராக இருந்த பிரபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. விதிகள் பற்றிய வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லியே தேர்தல் நடத்தாமல் ஓட்டினார்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களை இறக்கிவிட்டு, சம்மேளனத்தை நடத்த மூன்று பேர் குழுவைப் போட்டது. வெளியார் தலையீடு என்று ஃபிபா தடை போட்டது. 1937-இல் தொடங்கிய சம்மேளனத்துக்கு இதுதான் முதல் தடை.

"அப்போ கோர்ட் தலையிட்டது தப்பா?" என்கிறார்கள். தேர்தலை நேரத்துக்கு நடத்தியிருந்தால் கோர்ட்டுக்கு அங்கே என்ன வேலை? "ஃபிபா மட்டும் யோக்கியமா?" நான் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. "உலகத் தரவரிசையில் நூறுக்குக் கீழே கிடக்கிற டீம், தடையால் என்ன குறைந்துவிடும்?" இதுதான் எனக்கு வலிக்கிறது. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென் கொரியாவை ஜெயித்துத் தங்கம் வாங்கிய நாடு இது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக கோல் போட்டவர் நம் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு நம் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்கே போகவில்லை. அந்த வீழ்ச்சிக்கும் ஆடுகிறவர்களையா குற்றம் சொல்வீர்கள்?

1998-இல் எனக்குப் பத்தொன்பது வயது. கால்பந்தில் லெஃப்ட் பேக், இடப்பக்கம் தடுத்து ஆடுகிறவன். எங்கள் மாவட்டச் சங்கம் இரண்டாக உடைந்தது. இரண்டு செயலாளர்கள், இரண்டு லெட்டர்பேட். எங்கள் கிளப் ஒரு பக்கம் பதிவு செய்திருந்தது, மாநிலத் தேர்வை நடத்தியது இன்னொரு பக்கம். அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்த பூட்டோடு மைதான வாசலில் நின்றேன். லிஸ்டில் பெயர் இல்லை என்று உள்ளே விடவில்லை. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா" என்றார் மாஸ்டர். அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிட்டது.

அதனால்தான் பத்து நாள் என்று சொல்லாதீர்கள் என்கிறேன். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை 2020-இலேயே இங்கே நடந்திருக்க வேண்டியது. கொரோனாவில் தள்ளிப்போய், பிறகு ரத்தானது. அதற்காகப் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு வயது போய்விட்டது. அடுத்த செட் பிள்ளைகள் 2022 அக்டோபரில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்காகக் காத்திருந்தார்கள், தடை வந்ததும் அதுவும் தொங்கலில்.

ஆகஸ்ட் 22-ஆம் தேதி கோர்ட் அந்த மூன்று பேர் குழுவைக் கலைத்துவிட்டது. சில நாளில் தடையும் நீங்கியது. நீங்கியதில் சந்தோஷம். ஆனால் அந்த கோகுலம் பெண்கள் ஊர் திரும்பியபோது சம்மேளனத்திலிருந்து ஒருவராவது ஏர்போர்ட்டுக்குப் போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என்னிடம் 1998-லிருந்து இன்று வரை யாரும் கேட்கவில்லை.