சேலம் யார் கோட்டை?

தேர்தல் பேச்சை எடுத்தாலே, "சேலமா? அது அதிமுக கோட்டை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நேற்று டீக்கடையிலும் இதே கதைதான். எனக்கு அந்தச் சொல்லே ஒத்துவருவதில்லை.

2021 மே 2 நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிறு முழு ஊரடங்கு. தெருவில் ஆளும் இல்லை, வெடியும் இல்லை. மாநிலத்தில் திமுக கூட்டணி 234க்கு 159 எடுத்தது. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் அதற்குக் கிடைத்தது சேலம் வடக்கு மட்டும். மீதி பத்தில் அதிமுகவுக்கு எட்டு. சேலம் மேற்கும் மேட்டூரும் அதன் கூட்டணிக் கட்சியான பாமகவுக்கு. மதியமே சென்னையிலிருந்து மாமா பையன் போன். "என்ன மச்சான், ஊரே ஒரு பக்கம் போனா நீங்க மட்டும் வேற பக்கம் போறீங்க?"

காரணம் இல்லாமலா? அப்போது அதிமுக முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி நம்ம மாவட்டத்துக்காரர். எடப்பாடியில் அவர் ஜெயித்தது 93,802 ஓட்டு வித்தியாசத்தில். கூடவே வன்னியர் மத்தியில் செல்வாக்குள்ள பாமகவின் கூட்டணி. வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா சட்டசபையில் நிறைவேறியது பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவித்த அதே நாள். (அந்தச் சட்டம் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பது வேறு கதை.)

ஆனால் அதற்கு இரண்டே வருடம் முன்னால், 2019இல், சேலம் மக்களவைத் தொகுதியை திமுகவுக்குக் கொடுத்ததும் இதே ஜனங்கள்தான். அப்போதும் எடப்பாடியார்தான் முதல்வர். அந்த மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் எடப்பாடியும் ஒன்று. 2024இலும் திமுகதான், ஜெயித்தவர் செல்வகணபதி. அவரே 1999இல் இதே சேலத்தில் அதிமுக எம்.பி. ஆளே கோட்டை மாறும்போது ஓட்டுப் போடுகிறவன் மாறக்கூடாதா?

ஏற்காடு இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய இரண்டே தொகுதிகளில் ஒன்று, மற்றது சேந்தமங்கலம். பெயர்தான் மலையுடையது, ஓட்டில் பெரும்பங்கு கீழே வாழப்பாடிப் பக்கம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பிரச்சாரம் செய்பவருக்கும் கணக்கெல்லாம் அடிவாரத்தில்தான் இருக்கும். எம்.பி.யோ கள்ளக்குறிச்சித் தொகுதிக்காரர், ஏற்காடு அந்த மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகிறது. காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர் மனதில் யார் இருந்தார் என்பதை அந்த முடிவை வைத்து எப்படிச் சொல்வது? "ஏற்காட்டில் அதிமுக வெற்றி" என்று டிவியில் ஒரு வரி ஓடும், அவ்வளவுதான்.

2024 ஜூன் 4 சாயங்காலம் நானே மாமா பையனுக்குப் போன் போட்டேன். "இப்ப சொல்லு மாப்ள, சேலம் யார் கோட்டை?"

"அட, அது எம்.பி. எலெக்‌ஷன் மச்சான். அது வேற, இது வேற."

"அதைத்தான்டா நானும் சொல்றேன்" என்றேன்.