"விவசாயிக்கு ஏற்றத்தாழ்வு ஒரு பொருட்டே இல்லை" என்பது பொய்

கடலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. விவசாயிக்கு வருமான வரி கிடையாது, மத்திய அரசின் உதவித்தொகையான கௌரவ நிதியும் (பி.எம். கிசான்) வருகிறது, அதனால் அடுத்தவன் எவ்வளவு சம்பாதித்தாலும் கவலைப்படாமல் தலையெழுத்து என்று இருந்துவிடுகிறானாம்.

தவறு. மத்திய அரசின் 2018-19 மாதிரிக் கணக்கெடுப்பில் நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரில் வந்தது 3,798, கூலி சம்பளமாக வந்தது 4,063, அதாவது சொந்த நிலத்தை விட வெளி வேலைதான் அதிகம் சோறு போட்டிருக்கிறது. இந்த வருமானத்துக்கு வரிவிலக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கௌரவ நிதி வருடத்துக்கு 6,000, மாதம் 500தான். பெயரில் நிலம் இல்லாத குத்தகைக்காரருக்கு அதுவும் இல்லை.

அப்புறம் இந்தத் தலையெழுத்துக் கதை. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் கால்வாய்க்காக வளர்ந்து நின்ற நெற்பயிரை இயந்திரம் விட்டு அழித்தபோது மக்கள் சும்மாவா இருந்தார்கள்? எதிர்த்து நின்றார்கள். அந்த நிறுவனத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை கொடு என்று நெய்வேலியைச் சுற்றி வருடக்கணக்காகக் கேட்கிறார்களே, பக்கத்திலேயே மாதச் சம்பளக்காரர் வாழ்வதையும் தங்கள் பிள்ளைகள் ஒப்பந்தக் கூலியாக நிற்பதையும் பார்த்துத்தானே கேட்கிறார்கள். அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் தயவுசெய்து அதே குழுவில் இதையும் போடுங்கள்.