எல்லாருக்குள்ளயும் ஒரு மிருகமாம்

கம்போடியாவில் 1975இலிருந்து 1979 வரை நடந்த இனப்படுகொலை பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் ரெண்டே வரியில் முடித்துவிடுவார்கள். "அவனுங்க மனுசங்களே இல்ல, மிருகம்" என்பது ஒன்று. கொஞ்சம் படித்தவராக இருந்தால், "எல்லாருக்குள்ளயும் ஒரு மிருகம் இருக்கு தோழர், நமக்குச் சந்தர்ப்பம் கிடைக்கல, அவ்வளவுதான்" என்பார். முதல் வரியை இப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரெண்டாவதுதான் ஆபத்து, கேட்பதற்கு ஞானம் மாதிரி இருக்கும். போன ஞாயிறு புதுச்சேரி பீச் ரோட்டில் ஒரு நண்பர் அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். பதிலை இங்கே எழுதுகிறேன்.

ரித்தி பான் என்ற கம்போடிய சினிமா இயக்குநரின் நினைவுக்குறிப்பு 2012இல் பிரெஞ்சில் வந்தது. ஆங்கிலத்தில் 'தி எலிமினேஷன்'. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்து மொத்த நகரத்தையும் காலி செய்யச் சொன்னபோது அவர் பள்ளிக்கூடப் பையன். ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தவர்களையும் ரோட்டில் இறக்கி நடக்கவிட்டார்கள். 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்தபோது பட்டினியிலும் நோயிலும் கொலையிலுமாகச் செத்திருந்தவர்கள் ஏறக்குறைய 17 லட்சம் பேர். நாட்டு ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது.

ரித்தி பானின் அப்பா விவசாயி வீட்டுப் பிள்ளை. படித்து வாத்தியாராகி, கல்வி அமைச்சகத்தில் பெரிய பொறுப்புக்கு வந்தவர். மாட்டுக்குப் போடுவது மாதிரி கெமர் ரூஜ் போடுவதைத் தின்ன மாட்டேன், நான் மனிதன் என்று ஒருநாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பசியில் எல்லோரும் புல்லையும் பூச்சியையும் தேடிக்கொண்டிருந்த இடத்தில் இப்படி ஒரு முடிவு. பையனுக்கு அப்பா மேல் கோபம் வந்ததாம். வராமல் இருக்குமா? அவர் செத்த பிறகு சடங்கு எதுவும் செய்ய வழியில்லை. அன்று ராத்திரி அம்மா பையன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, முறைப்படி நடந்திருந்தால் இந்தச் சாவு எப்படி நடந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். வாயாலேயே ஓர் அடக்கம். சித்திரவதைப் பக்கங்களைத் தாண்டிவிட்ட என்னால் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. நம் வீடுகளில் கோடித்துணி யார் போட்டது, பந்தலுக்கு யார் சொன்னது என்பதற்கெல்லாம் வருசக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் நாம்.

புத்தகத்தின் இன்னொரு பாதி டுய்க். புனோம் பென்னில் கெமர் ரூஜ் நடத்திய எஸ்-21 சிறையின் தலைவன். அதற்கு முன்னால் கணக்கு வாத்தியார். சிறையும் ஓர் உயர்நிலைப் பள்ளிக் கட்டடம்தான். உள்ளே போனவர்கள் 12,000 பேருக்கு மேல், பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடித்து எழுதவைத்த வாக்குமூலங்களை, வாத்தியார் நோட்டுத் திருத்துவது மாதிரி, ஓரத்தில் குறிப்புப் போட்டுத் திருப்பி அனுப்புவான்: இங்கே இன்னும் விவரம் வேண்டும், இவனை மறுபடி விசாரி. கைதிகளின் உடம்பிலிருந்து ரத்தம் முழுவதையும் எடுத்துச் சாகவிட்டதும் அங்கே நடந்தது, பின்னால் டுய்க்கை விசாரித்த நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே இருக்கிறது. இதையெல்லாம் பற்றி ரித்தி பான் கேமரா முன்னால் கேட்கும்போது அந்த ஆள் நடுநடுவே சிரிக்கிறான்.

அங்கே அடைக்கப்பட்டவர்களில் போபானா என்ற இளம்பெண் ஒருத்தி. செய்த குற்றம் புருசனுக்குக் காதல் கடிதம் எழுதியது. கடிதங்களில் தன் பெயரை 'சேடா' என்று போட்டுக்கொண்டாள். அவர்கள் ராமாயணத்தில் சீதைக்கு அதுதான் பெயர். மாதக்கணக்கில் வதைத்து 1977இல் கொன்றார்கள்.

(முள்ளிவாய்க்காலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அதை ஒரு பத்திக்குள் அடக்க எனக்கு மனசில்லை.)

நண்பர் சொன்ன ஞானத்துக்குப் பெரிய ஆள் ஒருவர் சாட்சி இருக்கிறார், அதையும் மறைக்கக் கூடாது. ஃபிரான்சுவா பிசோ. நம்ம புதுச்சேரி துய்மா வீதியில் கிளை வைத்திருக்கும் அதே பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் ஆய்வாளராக அங்கோரில் வேலை பார்த்தவர். 1971இல் கெமர் ரூஜ் பிடித்துக்கொண்டுபோய்ச் சங்கிலி போட்டது. அப்போதும் முகாம் தலைவன் இதே டுய்க். மேலிடத்தில் வாதாடி பிசோவை விடுவித்தவனும் அவனே. கூடப் பிடிபட்ட ரெண்டு கம்போடிய உதவியாளர்கள் திரும்பவில்லை. பிசோ 2009இல் நீதிமன்றத்திலும் வந்து சாட்சி சொன்னார்: இவன் ராட்சசன் இல்லை, மனிதன், அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது என்ற பொருளில். தன் கையால் வளர்த்த பாலைவன நரிக்குட்டியைத் தானே கொன்றதையும் தன் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார்.

சங்கிலியில் கிடந்தவர் தன்னைத்தானே இப்படிக் குடைந்துகொள்வது வேறு. பீச்சில் காற்று வாங்கிக்கொண்டே நாம் அதைச் சொல்வது வேறு. ரித்தி பானும் டுய்க்கை மனிதன் என்றுதான் சொல்கிறார், ஆனால் கொலைகாரனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நூலிழைதான் என்ற பேச்சை ஒப்புக்கொள்ளவில்லை. மனிதன் என்பதால்தானே அவன் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டும்? அதே நாட்டில், அதே பசியில், அவருடைய அப்பா வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 'எல்லாருக்குள்ளயும்' என்று சொல்லும்போது அந்த அப்பாவையும் டுய்க்கோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறோம்.

கம்போடியா தூரம் என்றால் கடலூர் மாவட்டத்துக்கே வாருங்கள். கண்ணகி–முருகேசன். 2003 ஜூலை, விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. சாதி மாறிக் கல்யாணம் செய்த ரெண்டு பேருக்கும் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றி, பிணத்தையும் எரித்தார்கள். இனப்படுகொலையோடு இதை நான் சமன் செய்யவில்லை. ஆனால் அன்றைக்கும் அந்த ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஊற்றியவன் இருந்தான், வேடிக்கை பார்த்தவன் இருந்தான். வழக்கைத் திரித்து எழுதிய போலீஸ் இருந்தது. மகனைப் பறிகொடுத்துவிட்டு 18 வருசம் கோர்ட்டுக்கு நடந்த குடும்பமும், கூடவே நின்ற வக்கீலும் இருந்தார்கள். 2021இல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது, அதில் ரெண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். எல்லாருக்குள்ளும் மிருகம்தான் என்றால் அந்தக் குடும்பம் எதற்காக அத்தனை வாய்தாவுக்குப் போனது?

பானும் பிசோவும் ரெண்டு பேருமே எழுதியது பிரெஞ்சில். வீட்டுக்குள்ளேயே பிரெஞ்சு பேசுகிற குடும்பங்கள் இருக்கிற ஊர் நம்முடையது. யாராவது ஒருத்தர் நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தால் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வேலை மிச்சம். அதுவரைக்கும் என்னிடம் இருப்பது ஆங்கிலப் பிரதிதான். வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், திருப்பித் தருகிறவர்கள் மட்டும்.